இடது பக்கத்து சீட்

எங்க ஊர்ப் பக்கம் பரீட்சையில் கோட்டை விடுகிற பையனுக்கு ரெண்டே ரெண்டு எதிர்காலம்தான் சொல்வார்கள். ஒன்று மாடு மேய்ப்பது, இன்னொன்று லாரியில் கிளீனராகப் போவது. நான் கோட்டை விடவில்லை. ஒழுங்காகப் பாஸ் பண்ணி, இஞ்சினியரிங் முடித்து, பெங்களூருக்கு வந்து, மென்பொருள் கம்பெனிகளில் 22 வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அதற்கப்புறம் 47 வயதில் கிளீனராகப் போனேன். ஆக, வாத்தியார் வாக்கு பொய்க்கவில்லை. கொஞ்சம் லேட், அவ்வளவுதான் :-)

வேலை போன கதையை நீட்டப் போவதில்லை. 2023-ல் இந்த ஊரில் அது ஒரு கதையே இல்லை. எங்க அபார்ட்மென்ட்டிலேயே மூன்று வீட்டில் அதே கதை. எட்டு மாசம் இன்டர்வியூக்கு அலைந்தேன். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பையன்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "சார், உங்க அனுபவத்துக்கு இந்த வேலை ரொம்பச் சின்னதா இருக்குமே" என்பார்கள். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று நாற்பதைத் தாண்டி வேலை தேடினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற ஊர்க்காரர் ஒருத்தரைப் பார்க்கப் போனேன். வேலை கேட்டு இல்லை. ஊரிலிருந்து அம்மா அனுப்பின பார்சல் ஒன்று அவர் ஆபீசில் கிடந்தது. பேச்சுவாக்கில் சொன்னார், "சரக்கு இருக்கு, வண்டி இருக்கு, ஓட்ட ஆள்தான் இல்ல. ஓனர்மாரு வண்டிய நிப்பாட்டிப் போட்டிருக்கானுவ." ஒயிட்ஃபீல்டில் ஒரு நாற்காலிக்கு நூறு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறோம். இங்கே நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் டிராஃபிக்.

எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். நாகர்கோவிலுக்கு வருஷத்துக்கு ரெண்டு முறை காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன், 650 கிலோமீட்டருக்கு மேலே. அந்த தைரியத்தில் "நான் ஓட்டவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

ஆனால் சட்டப்படி பார்த்தால் சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். 20 வயது முடிந்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் வேண்டும், டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும். முன்னே எட்டாம் வகுப்புப் பாஸ் என்று ஒரு விதி இருந்தது, 2019-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மேல் வயது வரம்பு என்று எதுவும் கிடையாது. டாக்டர் கையெழுத்துப் போடுகிற 1-ஏ படிவத்தை நான் ரெண்டு முறை படித்தேன். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா. இவ்வளவுதான். எட்டு மாசத்தில் என் வயதைப் பற்றிப் பேசாமல் என் உடம்பைப் பற்றி மட்டும் கேட்ட முதல் விண்ணப்பம் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஸ்கூல் தும்கூர் ரோட்டில், நெலமங்கலா பக்கம். பிளாட் போட்டு வீடு கட்டாமல் கிடக்கிற ஒரு லேஅவுட்டில் பயிற்சி. வாத்தியார் ரிட்டயர் ஆன அரசு பஸ் டிரைவர், கன்னடக்காரர், வாயைத் திறந்தால் "நிதானா, நிதானா" தான். என்னோடு கற்றுக்கொண்டவன் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், 22 வயது, பெங்களூருக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் வாத்தியார் அவனிடம் "கிளட்ச் பிடி" என்றார். அவன் கிளட்சை இன்னும் அழுத்திப் பிடித்தான். "பிடி, பிடி!" என்று அவர் கத்தினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டு காலாலும் பிடித்தான். கன்னடத்தில் 'பிடி' என்றால் விடு! நம்ம 'விடு' அங்கே 'பிடு' ஆகிவிடும், நம்ம 'பிடி' அங்கே 'ஹிடி' ஆகிவிடும். மொழியறிஞர்கள் இதை அழகாக விளக்குவார்கள். ஓடுகிற லாரியில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்குவது கொஞ்சம் சிரமம். பின்னாடி உட்கார்ந்திருந்த நான்தான் மொழிபெயர்ப்பாளர். 22 வருஷப் பெங்களூர் வாழ்க்கை இப்படியும் ஒருத்தனுக்கு உபயோகப்பட்டது.

மணிக்கணக்கு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சாதாரண டிரைவிங் ஸ்கூலுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது, லாரி மாதிரி வண்டிக்கு 30 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஸ்டீரிங் பிடிக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் என்று புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது. அதில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். இதெல்லாம் காகிதத்தில். நான் போன ஸ்கூலில் ஒரு வண்டிக்கு ஐந்து பேர். என் கையில் ஸ்டீரிங் இருந்த நேரத்தை வீட்டுக்கு வந்து தினமும் குறித்து வைத்தேன் (டெஸ்டிங் வேலை பார்த்தவன், பழக்கம் விடவில்லை). மொத்தம் ஏழு மணி நேரம்கூட வரவில்லை. சர்ட்டிஃபிகேட்டில் முழுசாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

டொராண்டோவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே போய் பத்து வருஷம் கழித்து, 45 வயதில், டிரக் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஒன்டாரியோவில் பெரிய டிரக் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போவதற்கு முன்பு குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி என்று 2017 ஜூலையில் கட்டாயம் ஆக்கினார்கள். மற்ற மாகாணங்களில் அது வருவதற்கு ஒரு பெரிய சாவு தேவைப்பட்டது. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் ஊர் ஐஸ் ஹாக்கிப் பையன்கள் போன பஸ்ஸும் ஒரு டிரக்கும் மோதி 16 பேர் செத்துப்போனார்கள். டிரக்கை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போன இளைஞர், அந்த வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. 2019-ல் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, மனிடோபா மூன்றிலும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். நண்பர் போனில் கேட்டார், "உங்கட ஊரில எத்தினை மணித்தியாலம்?" என் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "கவனமா இருங்கோ" என்றார்.

இனி சீட்டைப் பற்றி. காரில் நாம் முன் சக்கரத்துக்குப் பின்னால் உட்காருகிறோம். லாரியில் முன் சக்கரத்துக்கு மேலேயே, சில வண்டியில் அதற்கும் முன்னால் உட்காருகிறோம். பஸ்ஸில் முன் சீட்டில் போனவர்கள் கவனித்திருக்கலாம், திருப்பத்தில் நாம் எதிர்ப்பக்கச் சுவருக்குள்ளேயே போய்விடுவது போல இருக்கும், அப்புறம்தான் வண்டி திரும்பும். அதுதான் விஷயம். தெருமுனை நம்மைத் தாண்டிப் பின்னால் போன பிறகுதான் ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டும். காரில் இருபது வருஷம் பழகின கை முன்கூட்டியே ஒடிக்கப் பார்க்கும். ஒடித்தால் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அங்கே ஒரு சைக்கிள்காரன் நிற்கலாம், ஒரு பூக்கடை இருக்கலாம். பின் சக்கரம் எங்கே வருகிறது என்று எந்த நேரமும் மனசுக்குள் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. என் கார் ஒரு டன். பத்துச் சக்கர வண்டி பாரத்தோடு 28 டன் வரை வரும். பிரேக்கை மிதித்தால் என் கார் நிற்கும். லாரி நிற்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும். போதாததற்கு அது காற்றில் வேலை செய்கிற பிரேக். காலையில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மீட்டரில் காற்று ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதுவரைக்கும் சக்கரம் பூட்டினது பூட்டினபடியே இருக்கும். "காத்து ஏறட்டும்" என்று வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவசரம் அவசரம் என்றே 22 வருஷம் ஓட்டின எனக்கு அந்த நாலைந்து நிமிஷம் பெரிய விஷயமாக இருந்தது.

2024 மார்ச்சில் லைசென்ஸ் கைக்கு வந்தது. பெருமையாகக் கலாசிபாளையம் போனேன். ஊர்க்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு ஓனர்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை வருஷம் கிளீனரா இருந்தீங்க?"

அப்போதுதான் புரிந்தது. லைசென்ஸ் அரசாங்கம் கொடுக்கும், வண்டி கொடுக்காது. 30 லட்சத்துக்கு மேலே விலை போட்டு வாங்கின வண்டியை, ஊரான் சரக்கோடு, ஏழு மணி நேரம் ஸ்டீரிங் பிடித்தவனிடம் எந்த ஓனர் கொடுப்பான்? நான் ஓனராக இருந்தாலும் கொடுக்க மாட்டேன். நம் நாட்டில் லாரி டிரைவர்களை உருவாக்கின பள்ளிக்கூடம் டிரைவிங் ஸ்கூல் இல்லை, இடது பக்கத்து சீட். பதினாறு, பதினேழு வயசில் வீட்டோடு கோபித்துக்கொண்டு வண்டி ஏறுகிற பையன், ரெண்டு மூணு வருஷம் கண்ணாடி துடைத்து, கயிறு கட்டி, திட்டு வாங்கி, ராத்திரியில் டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுத்து, ஆள் இல்லாத ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டீரிங் வாங்கி டிரைவர் ஆவான். சம்பளம் சொற்பம், அடி உதையும் உண்டு, அதை நான் புனிதமாக்கப் போவதில்லை. ஆனால் பாடம் அங்கேதான் நடந்தது. இப்போது செலவு மிச்சம் என்று பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. பையன்களும் வருவதில்லை. அப்புறம் டிரைவர் இல்லை, டிரைவர் இல்லை என்று வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு புலம்பினால்?

கடைசியில் ஒருத்தர் சரி என்றார். சங்ககிரிக்காரர், 34 வயது, சொந்தமாக ரெண்டு வண்டி, ஒன்றை அவரே ஓட்டுகிறார். (சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு மூன்று ஊரையும் எடுத்துவிட்டால் தென்னிந்தியாவில் பாதி லாரியும் போர்வெல் வண்டியும் கேஸ் டேங்கரும் காணாமல் போய்விடும் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். ரொம்பப் பொய்யும் இல்லை.) முதலில் அவர் நம்பவே இல்லை. "ஏனுங் சார், வெளையாட்டுங்களா? இல்ல, எதாச்சும் யூடியூப்பு கீடியூப்புங்களா?" என்றார். மூணு மாசம் கிளீனராக வருகிறேன், சம்பளம் வேண்டாம், சாப்பாடும் பேட்டாவும் போதும் என்றேன்.

முதல் சிக்கல் கூப்பிடுவது. கிளீனர் டிரைவரை அண்ணா என்பான், டிரைவர் கிளீனரை டேய் என்பார், அதுதான் உலக வழக்கம். இவரோ என்னை சார், சார் என்கிறார். "சார், அந்தக் கட்டையைக் கொஞ்சம் சக்கரத்துக்கு அடியில போடறீங்களா?" என்று ஒருத்தர் கேட்டு முடிப்பதற்குள் வண்டி உருண்டு பள்ளத்தில் இறங்கிவிடும். லாரியில் உத்தரவு சுருக்கமாக இருந்தால்தான் ஆபத்தில்லை. ரெண்டாவது டிரிப்பில் நானே சொன்னேன், சாரை விட்டுவிடுங்கள் என்று. வயசில் மூத்தவனை டேய் போட அவருக்கு நாக்கு வரவில்லை. கடைசியில் ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டோம். ஓசூர் டீக்கடைக்காரர் ரொம்ப நாள் குழம்பினார், இதில் யார் டிரைவர் என்று.

வேலை என்று பார்த்தால் காலையில் காற்று டேங்கில் சேர்ந்த தண்ணியைத் திறந்துவிட வேண்டும். ஆயில், கூலன்ட் பார்க்க வேண்டும். பத்து டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்துக் காற்றுக் கம்மியா என்று கண்டுபிடிக்க வேண்டும். இது எனக்குக் கைவர ஒரு மாசம் ஆனது. தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுவது இன்னும் முழுசாகக் கைவரவில்லை, அந்த முடிச்சுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னாடி நின்று "வரலாம், வரலாம், ரைட்ல ஒடி, ஹோல்டேய்!" என்று கத்த வேண்டும். முதல் நாள் கத்துவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. மீட்டிங்குகளில் குரலை உயர்த்தாமல் பேசுவதற்கே பயிற்சி எடுத்தவன் நான்.

அப்புறம் பேச்சுக் கொடுப்பது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேலே அதுதான் முக்கியமான வேலை. ஒரு ராத்திரி தர்மபுரி தாண்டும்போது கேட்டார், "அண்ணா, சாஃப்ட்வேருன்னா நீங்க என்னதான் வேலை செஞ்சீங்?" மற்றவர்கள் செய்து வைத்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பார்த்து, சரியாக இருந்தால் வெளியே விடச் சொல்வது என் வேலை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எஃப்.சி. பாக்கறாப்லைங்களா?" என்றார். 22 வருஷத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை, என் மாமனார் உட்பட.

தொப்பூரைப் பற்றி எழுதாமல் முடியாது. பெங்களூரிலிருந்து சேலத்துக்குக் காரில் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். தர்மபுரி தாண்டி மலைக்கு நடுவில் ரோடு இறங்கும். காரில் போகும்போது அது ஒரு அழகான இறக்கம், அவ்வளவுதான். எத்தனையோ லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளின இடம் அது. காரணம் பெரும்பாலும் ஒன்று. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது. நியூட்ரலில் விட்டால் இஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகும், சூடு ஏற ஏற பிடிமானம் போகும், காற்றும் இறங்கும். கீழே வளைவு வரும்போது காலுக்கடியில் ஒன்றும் இருக்காது.

சங்ககிரிக்காரர் மேலேயே வேகத்தைக் கொன்று கியரைக் குறைப்பார். "ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லயே எறக்கோணும்ங்ணா" என்பார். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் இஞ்சின் உறுமும், வண்டி முணுமுணுத்துக்கொண்டே இறங்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், இவர் கண்டுகொள்ள மாட்டார். இதில் எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது, நியூட்ரலில் நிஜமாகவே மிச்சம் ஆகிறதா என்று. தேடிப் படித்தேன். இப்போது வருகிற கம்ப்யூட்டர் வைத்த இஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் போவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கும். ஆக, மிச்சமே இல்லாத ஒரு மிச்சத்துக்காக இத்தனை சாவு. இதை நான் சொன்னபோது அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அடுத்த டீக்கடையில் இன்னும் மூன்று டிரைவர்களைக் கூப்பிட்டு, "எங்கண்ணன் சொல்றாரு கேளுங்" என்று என்னைப் பேசவைத்தார். ரெண்டு பேர் நம்பினார்கள். ஒருத்தர், "எங்கப்பன் காலத்துல இருந்து நியூட்ரல்தான்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எட்டாவது டிரிப்பில் ஓசூர் தாண்டி விடிகாலையில் காலி வண்டியில் முதல் தடவை ஸ்டீரிங் கொடுத்தார், பதினைந்து கிலோமீட்டர். அப்புறம் பாரத்தோடு. அப்புறம் தொப்பூர் ஏற்றம். தொப்பூர் இறக்கம் மட்டும் ஐந்தாவது மாசம்தான் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் இடது பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கி முடித்ததும், "டீ குடிக்கலாமுங்களா?" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

இதெல்லாம் ரோட்டில். வீட்டில் நடந்தது வேறு.

அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. எங்க ஊர்க்காரர் வழியாகத் தெரிந்துவிட்டது (கலாசிபாளையத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பார்சலைவிட வேகமாகப் போவது செய்திதான்). போனில், "ஒனக்கு என்னலே கேடு வந்துது மக்கா? லாரி ஓட்டவா ஒன்னப் படிக்க வச்சோம்?" என்று அழுதாள். நான் வசந்தகுமாரியை ஞாபகப்படுத்தினேன். நாகர்கோவில்காரர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. 1993-ல் தமிழ்நாடு அரசு பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்த முதல் பெண். அப்போது அவருக்கு முப்பது வயதுக்கு மேலே, குடும்பம் குழந்தைகள் எல்லாம் ஆகியிருந்தது. நான் ஸ்கூலில் படித்த சமயம், அந்த பஸ் வந்தால் ஜன்னலுக்கு ஓடுவோம். 2017-ல் ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஓட்டினார். போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்று ஒருத்தர் இருக்கிறார், சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு ரெண்டு பிள்ளைகளை வளர்க்க லாரி ஓட்ட வந்து, கேரளா வரைக்கும் லோடு கொண்டு வந்திருக்கிறார். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவளுவளுக்கு வேற வழியில்ல மக்கா. ஒனக்கு?" என்றாள்.

"எனக்கும் இல்லம்மா" என்றேன். அது வரைக்கும் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். "சாப்பாடெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

மனைவி அழவில்லை, படித்தாள். ஸ்கூல் டீச்சர். நான் எல்.எல்.ஆர். போட்டிருந்த சமயம், 2024 ஜனவரி முதல் வாரம், நாடு முழுக்க லாரி டிரைவர்கள் ஸ்டிரைக் நடந்தது ஞாபகம் இருக்கலாம். புதுக் குற்றவியல் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில், விபத்தில் ஆள் செத்து, போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை ஜெயில் என்று ஒரு உட்பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அவள் அதை முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டாள், "ஏங்க, ஓடாம நின்னா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்களே?" எல்லா டிரைவரும் கேட்கிற கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்வதைக் காட்டிச் சமாதானம் செய்யப் பார்த்தேன். "லோடு அனுப்புறவங்களுக்கு இது தெரியுமா?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் ஒப்பந்தம் ஒன்று போட்டோம். மாசத்துக்கு ஐந்து டிரிப், ஈரோட்டைத் தாண்டி இப்போதைக்குப் போவதில்லை, தூக்கம் வந்தால் ஓரம் கட்டிவிட்டு அவளுக்கு ஒரு மெசேஜ், மணி எத்தனையானாலும்.

பெண் காலேஜ் போகிறாள். "அப்பா, என்னை லாரியில வந்து டிராப் பண்ணிட மாட்டியே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பீக் நேரத்தில் பெங்களூருக்குள் லாரியை விட மாட்டார்கள் என்று தைரியம் சொன்னேன் :-) சிரித்தாள். ஆனால் அவளுடைய தோழிகள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா "லாஜிஸ்டிக்ஸ்" பண்ணுகிறார் என்று சொன்னது என் காதில் விழுந்தது. டொராண்டோ நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் ஊரில் சொந்தக்காரர்களுக்குப் பத்து வருஷமாக "கொம்பனி நடத்துறன்" என்றுதான் சொல்லிவருகிறாராம். அவருடைய டிரக் அவருடைய கொம்பனிதானே, பொய் இல்லை!

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்குவீர்கள். பழைய சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வந்தால் நல்ல மாசம். பி.எஃப். பணத்தில் வீட்டுக் கடனை முடித்துவிட்டதால் தாங்குகிறது. வாடகை வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. யாராவது வேலை போன கோபத்தில் நாளைக்கே ஹெவி லைசென்ஸுக்குக் கிளம்பினால் தயவுசெய்து இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். இடுப்பு வலி தனிக்கணக்கு. ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் மீண்டு வர, 34 வயதுக்காரரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. அது தெரிந்துதான் அவர் விடிகாலையிலும் பகலிலும் எனக்கு ஸ்டீரிங் தருகிறார். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நம்ம வண்டி அதற்கு முந்தினது, ஜன்னல்தான் ஏ.சி.

சொந்தமாகச் சின்ன வண்டி ஒன்று பழசில் பார்க்கலாமா என்ற யோசனையும் ஓடுகிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரணக் கார் லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்துவிட்டது. அதாவது இவ்வளவு சிரமப்பட்டு ஹெவி எடுத்தவன், ஹெவியே தேவைப்படாத வண்டியை வாங்கப் பார்க்கிறேன். மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் கிருஷ்ணகிரிப் பையன் போன் பண்ணினான், அதே 'பிடி' பையன். லைசென்ஸ் வாங்கி வருஷம் ஒன்றுக்கு மேலே ஆகிறது, யாரும் வண்டி கொடுக்கவில்லை, இப்போது ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான். "அண்ணா, உங்க வண்டியில கிளீனரா வரலாமா?" என்றான். சங்ககிரிக்காரரிடம் கேட்டேன். ரெண்டு டிரைவர் இருக்கிற வண்டியில் கிளீனருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது, சாப்பாடும் பேட்டாவும் வேண்டுமானால் தருகிறேன் என்கிறார். எனக்குச் சொன்ன அதே கணக்கு. ஆனால் என்னிடம் பி.எஃப். இருந்தது, அவனிடம் ஸ்கூட்டர் தவணை இருக்கிறது. என் பேட்டாவில் கொஞ்சம் அவனுக்குத் தள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து யஷ்வந்த்பூருக்கு ஜவ்வரிசி லோடு இருக்கிறது. அதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றான்.